சூடானால்தான் பிடிக்கும்

இருபத்தைந்து வயதில் எனக்கு இரண்டு விஷயங்கள் கரைத்துக் குடித்த மாதிரி தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்று, கார். இன்னொன்றும் கார்தான். (பி.காம். படித்தேன். அதைக் கரைத்தும் குடிக்கவில்லை, கரைக்காமலும் குடிக்கவில்லை.) அந்த வயதில் ஒருவனுக்கு ஏதோ ஒன்று தெரிந்துவிட்டால், அது தெரியாத மற்றவர்கள் எல்லாம் அவன் கண்ணுக்குப் பாவமாகத் தெரிவார்கள். எனக்கு அப்போது போடிநாயக்கனூர் முழுக்கப் பாவமாகத் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஊரில் ஏலக்காய்க் கமிஷன் கடை. பூப்பாறை, சாந்தான்பாறைப் பக்கம் போய்த் தோட்டக்காரர்களைப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை பேசி, சரக்கை எங்கள் கடைக்கு அனுப்ப வைப்பது என் சோலி. அதற்காக அப்பா வாங்கிக் கொடுத்ததுதான் அந்தச் சின்ன சிவப்புக் கார். (கம்பெனியின் பேரைச் சொல்ல மாட்டேன். நான் செய்த அக்கிரமத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?)

கார் வந்த சூட்டோடு அதைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எஞ்ஜின் ஹெட்டைச் சீவினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினார்கள். திரும்பி வந்தபோது அது குடும்பக் காராக இல்லை. நான் அடிவாரத்து முந்தல் தாண்டி மலையேற ஆரம்பித்தால், மேலே போடிமெட்டு டீக்கடைக்காரர் சத்தத்தைக் கேட்டு எனக்கு டீ போட ஆரம்பித்துவிடுவார். டீ ஆறுவதற்குள் நான் அங்கே இருப்பேன். பஸ்சுகள் ஒதுங்கும். ஜீப்புகள் திட்டும். நான் கண்ணாடியில் என் மீசையைப் பார்த்துக்கொள்வேன்.

ஏறுவதெல்லாம் சரி. இறங்க வேண்டுமே. இறங்கும்போது நாலைந்து வளைவு வரைக்கும் பிரேக் மரியாதையாக இருக்கும். அதற்குப் பிறகு பிரேக் சூடாகி, பெடல் களிமண்ணை மிதித்தது மாதிரி உள்ளே போகும். ரப்பர் கருகின மாதிரி ஒரு நாற்றம் வரும். ஒருமுறை ஓரத்து மண்மேட்டில் காரைச் சாய்த்துத்தான் நிறுத்தினேன். பின்னால் வந்த லோடு ஜீப்புக்காரர் இறங்கிவந்து, "என்னப்பு, இங்கயே வீடு கட்டப் போறியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த எஞ்ஜினுக்குத் தகுந்த பிரேக் வேண்டும்.

"மெதுவாப் போனா என்ன?" என்றார் அப்பா. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்கு ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி கேட்டது.

எங்கள் ஊர் மெக்கானிக் காசி அண்ணனுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, ஜீப்பு. அவர் தலைவலிக்கே ஜீப்பு ஆயிலைத் தடவுவார் என்று ஊரில் பேச்சு.

"ஜீப்பு பிரேக்கு டிரம்மத் தூக்கி மாட்டிருவோம் மாப்ளே. யானைய நிறுத்தும்."

"அண்ணே, அது நம்ம சக்கரத்துக்குள்ள போகாதே."

"சக்கரத்தையும் ஜீப்பு சக்கரமாப் போட்டுருவோம்."

"அப்ப மட்கார்டுல இடிக்குமே."

"மட்கார்ட வெட்டிருவோம்."

இப்படியே போனால் கடைசியில் ஹாரன் மட்டும்தான் என்னுடையதாக மிஞ்சும் என்று தோன்றியது. நானோ, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளில் டிஸ்க் பிரேக் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு பக்கமும் அப்பளத்தை வைத்து அழுத்தி, வீட்டில் எல்லோருக்கும் விளக்கிக் காட்டினேன். "அப்பளந்தான்டா நொறுங்குது" என்றாள் அம்மா. எப்படியும் அந்தச் சாமான் நம் பக்கம் கிடைக்காது என்று தெரிந்ததும், மறுபடியும் கோயம்புத்தூர்.

அந்தப் பட்டறைக்காரர் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ரேஸ் காருக்குப் போடுகிற பிரேக் லைனிங் (டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை) என்று சிலதை எடுத்து மேஜையில் வைத்தார். சாதாரண லைனிங் மாதிரி பழுப்பாக இல்லை. கருங்கல் மாதிரி இருந்தது.

"எவ்வளவு சூடானாலும் இது தளராது தம்பி. சூடானாத்தான் பிடிக்கும். சூடாகச் சூடாகச் சும்மா கவ்வும்" என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களில் நடுவில் இருப்பதுதான் முக்கியமானது. நான் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

காசி அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு (ஜீப்பு சாமான் இல்லையே) நாலு சக்கரத்திலும் மாட்டிக்கொடுத்தார். மலையில் போய்ப் பார்த்தேன். அடடா, அதுவல்லவா பிரேக். கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் பறந்து வந்து ஒரு மிதி மிதித்தால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது மாதிரி நிற்கும். மலை அடிவாரம் வரைக்கும் கொஞ்சமும் தளரவில்லை. அன்றைக்கு ராத்திரி அப்பளம் இல்லாமலேயே எல்லோருக்கும் விளக்கினேன்.

மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்து காரை எடுத்தேன். வாசலில் பிரேக்கை மிதித்தேன். கார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டு வைக்கோல் படப்பில் நிதானமாகப் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்போதுதான் அந்த நடு வாக்கியம் எனக்குக் கேட்டது. லைனிங் ஆறிக் கிடந்தால் வழவழவென்று வழுக்கும். சூடேறினால்தான் பிடிக்கும்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தெருவில் ஓட்டும்போது இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே, வலது காலால் ஆக்சிலேட்டரையும் கொடுப்பது. கொஞ்ச தூரத்தில் லைனிங் காய்ந்துவிடும். பிறகு எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டு மாவு ஊற்றுகிற மாதிரி. அவரவர் காரில் ஏறி உட்கார்ந்ததும் புறப்படுகிறார்கள். நான் அடுப்பு மூட்டிவிட்டுப் புறப்பட்டேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

இந்த நிலையில்தான் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க வருவதாகப் பூப்பாறையிலிருந்து தகவல் வந்தது. மாப்பிள்ளை மனோகரன், ஏலத்தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசர். அவருக்கு அப்பா இல்லை. அம்மா பாக்கியம்தான் எல்லாம். அந்த அம்மாள் சொந்தத்தில் ஏற்கெனவே இரண்டு வீட்டுக்குப் போய், ஒரு வீட்டில் நாய் குரைத்த விதம் சரியில்லை என்று எழுந்து வந்தவர் என்று கேள்வி. நல்ல இடம், விட்டுவிடக் கூடாது என்று அப்பாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. அவர்கள் வரவிருந்த ஜீப்பு மக்கர் பண்ணிக்கொண்டு படுத்துவிட்டது என்று தெரிந்ததும் நான் முன்னால் வந்தேன்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்ப்பா."

"நம்ம வண்டியிலயா?" அப்பாவின் குரலில் இருந்தது சந்தேகமா பயமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

"பிரேக்கு புதுசுப்பா" என்றேன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்பது பாக்கியம் அத்தையின் உத்தரவு. (உறவு முடிவதற்கு முன்பே அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். என் பங்குக்கு.) முன் சீட்டில் அத்தை, மடியில் தூக்குவாளி நிறைய மலைத்தேன். பெண் வீட்டுக்குக் கொண்டுவருகிற சீர். பின் சீட்டில் பட்டு வேட்டியில் மனோகரன், பக்கத்தில் அவருடைய தாய்மாமா. மாமா ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

இறக்கத்தில் நான் ஓட்டிய ஓட்டை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு துளி தேன் சிந்தவில்லை. "பதுக்கப் போப்பா" என்று மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லிக்கொண்டு வந்த அத்தையே, பாதி மலை தாண்டியதும், "நல்லாத்தான் ஓட்டுற தம்பி" என்றார். மனோகரன் பின்னாலிருந்து பிரேக்கைப் பற்றி விசாரித்தார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே மச்சானாக ஏற்றுக்கொள்ளத் தோன்றியது. லைனிங், ரேஸ், கோயம்புத்தூர் எல்லாவற்றையும் சொன்னேன். நடு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

முந்தலில் எஞ்ஜினை அணைக்காமலே டீ குடிக்க நிறுத்தினேன். அத்தை முகம் கழுவி, பொட்டு வைத்து, பூ வைத்து, மகனுக்கும் தலை வாரிவிட்டு ஏறுவதற்குள் பிரேக் நன்றாக ஆறிவிட்டது. போதாததற்கு ஒரு தூறல் வேறு. பரவாயில்லை, என் கையில்தான், அதாவது என் இடது காலில்தான், வித்தை இருக்கிறதே. ஊரை நோக்கிப் புறப்பட்டதும் மெல்ல மிதித்துச் சூடேற்ற ஆரம்பித்தேன்.

அத்தை மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ கருகுதே தம்பி."

"பக்கத்துல யாரோ குப்பை கொளுத்துறாங்க அத்தை."

"குப்பை நம்ம கூடவே வருது. வண்டி தீப்பிடிக்குதா பாரு."

நாய் குரைத்ததற்கே எழுந்து வந்தவர். கார் நாறினால் என்ன செய்வாரோ? காலை எடுத்துவிட்டேன். நாற்றம் நின்றது. அத்தை முகம் தெளிந்தது. ஈரக்காற்று நாலு சக்கரத்துக்கும் இதமாக விசிறிவிட்டது.

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வாசலில் அப்பா கைகூப்பி நிற்கிறார். அம்மா பன்னீர்ச் செம்போடு நிற்கிறாள். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக. நான் கம்பீரமாக வந்து, வீட்டுக்கு நேராகப் பிரேக்கை மிதித்தேன்.

கார் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்றும் பெரிய வேகம் இல்லை. சாமி ஊர்வலம் போகிற வேகம். அதனால் எல்லோரும் எல்லோரையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அப்பா கூப்பிய கையோடு, கார் போகிற பக்கமே மெல்லத் திரும்பினார். அம்மா தெளித்த பன்னீர் பின் கண்ணாடியில் விழுந்தது. அத்தை வாசலைப் பார்த்துக் கும்பிட்டபடியே கடந்து போனார்.

ஹேண்ட் பிரேக் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதுவும் பின் சக்கரத்தில் அதே கருங்கல் லைனிங்கைத்தான் பிடிக்கும். எஞ்ஜினை அணைத்திருக்கலாமே என்பீர்கள். இரண்டு கார்புரேட்டர் எஞ்ஜினைச் சூட்டில் அணைத்தால் அன்றைக்கு மறுபடி கிளம்பாது. இறக்கமான தெருவில் அணைத்தும் நிற்காமல் உருண்டுபோய், எங்கோ யார் வீட்டு வாசலிலோ ஓய்ந்து, மாப்பிள்ளை வீட்டாரை இறங்கித் தள்ளச் சொல்வதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் லைனிங் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு இடது காலை ஊன்றினேன்.

"வீடு அதான தம்பி?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டா நல்லதுன்னு..."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அத்தை தூக்குவாளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெருவைச் சுற்றி, மெயின் ரோட்டில் ஏறி, மறுபடியும் தெருவுக்குள் வந்தோம். அப்பா கையை இறக்கவே இல்லை. மறுபடியும் மிதித்தேன். இந்தத் தடவை பிரேக் கொஞ்சம் மனசு வைத்தது. வேகம் நடைவேகத்துக்குக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. அம்மா இரண்டாம் முறையாகப் பன்னீர் தெளித்தாள்.

"வர்றோம்ப்பா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"எப்படா?" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மனோகரன் இறங்கிவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிப்போய், பம்பரைப் பிடித்து இழுத்தார். அவருடைய பாட்டாத் தோல்செருப்பு, தூறலில் நனைந்த தெருவில் சறுக்கிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டு வாசலை அவர் அப்படித்தான், குதிகாலை ஊன்றிப் பல்லைக் கடித்தபடி, சறுக்கிக்கொண்டே கடந்தார். முனை திரும்பும்போது பிடி நழுவியது. அவர் விடவில்லை. காருக்குப் பின்னால் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தெரு நாய்கள்.

கதவு அடித்துக்கொண்ட சத்தத்தில், அதுவரை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்த தாய்மாமா முழுசாக விழித்தார். "இந்த ஊர்ல இன்னைக்கு எல்லாத் தெருவுலயும் விசேஷம் போல. அங்கயும் பன்னீர் தெளிச்சாங்க, இங்கயும் தெளிக்கிறாங்க" என்றார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். "மனோகரன் எங்க?"

"ஓடி வர்றான்" என்றார் அத்தை.

மாமா அதை யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

மூன்றாவது தடவை வாசலுக்கு வரும் வரைக்கும் நான் இடது காலை எடுக்கவே இல்லை. கரும்புகை வந்தால் வரட்டும். கார் முழுக்க நாற்றம். எங்கள் வீட்டு வாசல் நெருங்கியது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரே மிதி.

கவ்வியது. பட்டறைக்காரர் சொன்ன மூன்றாவது வாக்கியம் முழுக்க உண்மை. கார் ஆணியடித்தது மாதிரி நின்றது. உள்ளே இருந்தவை நிற்கவில்லை. தூக்குவாளி அத்தை மடியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டில் மோதி, மூடி தெறித்து என் பக்கம் திரும்பியது. கழுத்திலிருந்து மடி வரைக்கும் தேன். பின்னால் ஓடி வந்த மனோகரன் டிக்கியின் மேல் குப்புற வந்து விழுந்தார். மாமா முன் சீட்டின் முதுகில் முகத்தை வைத்தபடி, "வந்துட்டமா?" என்றார்.

வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அம்மா மட்டும், ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்பது போல, மூன்றாம் முறை பன்னீர் தெளித்தாள்.

அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டிவிட்டது. அப்பாவும் அவருடைய கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தபோதுதான், நான் செய்துவிட்டது வேடிக்கை இல்லை என்று எனக்கு உறைத்தது. மீசை, எஞ்ஜின், வெளிநாட்டுப் பத்திரிகை எல்லாம் சேர்ந்து என் தங்கை கல்யாணத்தைத் தெருத் தெருவாக இழுத்துவிட்டது. இறங்கிப்போய் அத்தை காலில் விழலாம் என்று எழுந்தேன். சட்டையும் வேட்டியும் சீட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு" என்றார் அப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு. "இருந்து, முடிஞ்ச பெறகு உள்ள வர்றீங்களா? இல்ல..." அந்த 'இல்ல'வுக்கு மேல் அவரால் போக முடியவில்லை.

அத்தை வாசலையும், தெருவையும், டிக்கியிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த மகனையும் ஒருமுறை பார்த்தார்.

"நாங்க நல்ல நேரத்துலயே வந்துட்டோம்ல" என்றார். "வண்டி நிக்கலைன்னா வரலைன்னு ஆயிருமா?"

சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்விட்டார்.

நான் கிணற்றடியில் நின்றேன். சட்டையைக் கழற்றினால் தோலும் கூட வந்துவிடும் போல இருந்தது. வாளி வாளியாக ஊற்றியும் தேன் போகவில்லை, எறும்பும் போகவில்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். வெகு நேரம் கழித்து வசந்தா பட்டுச்சேலையோடு பின்கட்டுக்கு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அவங்க சொல்றது இருக்கட்டும். நான் சரின்னுட்டேன்."

"நீ அவரைச் சரியாப் பார்த்தியா?"

"மாடி ஜன்னல்ல இருந்து மூணு தடவ பார்த்தேன்ணே. பேசாம உட்கார்ந்து பார்த்தேன், வழுக்கிட்டுப் போகப் பார்த்தேன், நாயோட ஓடி வரப் பார்த்தேன். எந்தப் பொண்ணுக்கு இந்த வசதி கிடைக்கும்?" சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நிக்காதுன்னு தெரிஞ்சும் இறங்கிப் பிடிச்சாரு பாரு. அதுக்காகத்தான் சரின்னேன்."

காரைத் தொட மாட்டோம் என்று அவர்கள் பஸ்சில்தான் திரும்பினார்கள். கல்யாணத்துக்கு முன்பே அப்பா காரை காசி அண்ணனிடம் ஒப்படைத்து, எஞ்ஜின் முதல் பிரேக் வரை கம்பெனியில் வந்தபடியே மாற்றச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பல மாதம் அந்த சீட்டில் எறும்பு இருந்தது. நானும் அப்பா சொன்ன அந்தக் கெட்ட வார்த்தையின்படி மெதுவாகவே ஓட்டினேன்.

அத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பல வருஷம் கழித்து, வசந்தாவின் பெரிய மகளைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கே ஒரு வீட்டார் வந்தார்கள். கார் வந்து வாசலில் நிற்கப்போகும் நேரத்தில் என் மச்சான் மனோகரன் தெருவில் இறங்கி, போங்க, போங்க என்று கையைக் காட்டினார். மாப்பிள்ளையின் அப்பா தலையை வெளியே நீட்டி, என்ன விஷயம் என்று கேட்டார்.

"வீட்டை மூணு சுத்துச் சுத்திட்டுத்தான் மாப்பிள்ளை உள்ள வரணும்" என்றாள் வசந்தா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "எங்க வழக்கம்."

அவர் பக்தியோடு தலையாட்டிவிட்டுக் காரைச் சுற்றவிட்டார். (அன்றைக்கு நாங்கள் சுற்றியது இரண்டுதான்; வழக்கமானதும் ஒன்று கூடிவிட்டது.) பிறகு மச்சானின் தம்பி மகளுக்கும் அப்படியே நடந்தது. இப்போது எங்கள் தெருவில் வேறு ஒன்றிரண்டு வீடுகளிலும் சுற்றுகிறார்கள். போன தை மாதம் ஒரு விசேஷத்தில், மூன்று சுற்றுக்கும் பொருள் என்ன என்று அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். முதல் சுற்று குலதெய்வத்துக்காம், இரண்டாவது முன்னோர்களுக்காம். மூன்றாவது யாருக்கு என்று அவர் சொல்வதற்குள் நான் சாப்பிட எழுந்துவிட்டேன்.